வேண்டிய பாதி

இஸ்திரி உருளையிலிருந்து வெளியே வந்த விரிப்பு கை பொறுக்காத சூட்டில் இருந்தது. பெரியவள் இரண்டு முனைகளைப் பிடித்தாள். எதிரே நின்றவள் மற்ற இரண்டையும் பிடித்தாள். ஒரு உதறு, நீளவாக்கில் ஒரு மடிப்பு, அகலவாக்கில் இன்னும் இரண்டு, அடுக்கில் போட்டுவிட்டு அடுத்தது. எல்லாம் ஆஸ்பத்திரி விரிப்புகள். எத்தனை தடவை வெளுத்தாலும் சிலவற்றில் பழுப்பு வட்டம் போகவே போகாது. அந்த வட்டம் உள்பக்கம் போகிற மாதிரி மடிக்க வேண்டும் என்று வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்.

முதுகுக்குப் பின்னால் சீட்டிச் சத்தம் கேட்டது. சலவைக்கூடத்தின் சூப்பர்வைசர் வருகிறான் என்று அர்த்தம். அவன் இல்லாத இடத்தில் எல்லோருக்கும் அவன் பெயர் விசில்தான். அந்த ஆளால் வாயைச் சும்மா வைத்திருக்க முடியாது. பேச ஆள் கிடைத்தால் பேசுவான், கிடைக்காவிட்டால் பல் இடுக்கு வழியாக ஊதிக்கொண்டே இருப்பான். அவன் கடந்து போகிறவரை பெரியவள் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். அவன் விட்ட காற்று தன் மூக்கில் ஏறுவதுகூட அவளுக்கு ஆகாது.

"என்னம்மா, தங்கச்சி எப்படி இருக்கு?" என்று போகிற போக்கில் கேட்டான்.

"நல்லா இருக்கா சார்," என்று சிரித்த முகமாகச் சொன்னாள். அந்தச் சிரிப்பைப் பழகிக்கொள்வதற்குள் அவளுக்குத் தாவு தீர்ந்துவிட்டது.

தங்கச்சி எப்படி இருக்கிறாள் என்று அவனுக்குத் தெரியாதா என்ன? போன வருஷம்வரை சின்னவளும் அதே கூடத்தில்தான் வேலை பார்த்தாள். ஈர விரிப்பை உருளைக்குள் கொடுக்கிற வேலை. உருளையின் வாய்க்கு முன்னால் ஒரு கம்பி உண்டு. விரல் நுனி பட்டால் போதும், உருளை அப்படியே நின்றுவிடும். விரல் பட்டாலும் நிற்கும், கனமான போர்வை பட்டாலும் நிற்கும். நின்று நின்று ஓடினால் லோடு எப்படிக் கிளம்பும் என்று விசில் ஒரு கட்டுக்கம்பியை எடுத்து அதை இழுத்துக் கட்டிவைத்தான். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். பெரியவளும் பார்த்தாள். யாரும் வாயைத் திறக்கவில்லை.

அப்புறம் ஒருநாள் சின்னவளின் வலது கை விரிப்போடு உள்ளே போனது. திரும்பி வந்தபோது கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் மிச்சம். உள்ளங்கைத் தோல் வெந்து, ஆறியபின் மெழுகு பூசினது போல ஆகிவிட்டது. விசாரிக்க அரசாங்க அதிகாரி வருவதற்குள் கட்டுக்கம்பி காணாமல் போயிருந்தது. தூக்கக் கலக்கத்தில் கையை விட்டுவிட்டாள் என்று விசில் சொன்னான். அதிகாரியும் தலையாட்டிவிட்டுப் போனார்.

அந்தப் பேச்சு கூடத்தோடு நிற்கவில்லை. தெருக்குழாயடிக்கு வந்தது, கடைக்கு வந்தது. "ராத்திரியெல்லாம் போனை நோண்டினா பகல்ல கண்ணு சொக்காம என்ன செய்யும்?" என்று பக்கத்து வீட்டுக்காரி இவள் காதுபடவே சொன்னாள். சின்னவளுக்கு வேறு வேலை கேட்டுப் போன இடத்திலும், "அந்தத் தூங்கின பொண்ணா?" என்றுதான் கேட்டார்கள். அதையெல்லாம்கூடப் பெரியவள் தாங்கிக்கொண்டாள். ஒருநாள் சோறு பிசைந்து ஊட்டும்போது சின்னவள் மெதுவாகக் கேட்டாள்: "அக்கா, நான் நெஜமாவே தூங்கிட்டேனா?"

பெரியவள் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே வைத்தாள். கையை எடுத்தவன் கையோடு விட்டிருக்கலாம். இவள் புத்தியையும் அல்லவா பிடுங்கிக்கொண்டு போயிருக்கிறான். அந்தப் படுபாவியின் வாயாலேயே உண்மையைச் சொல்ல வைக்க வேண்டும், அதை இந்த வட்டாரமே கேட்க வேண்டும் என்று அன்றைக்கு முடிவு கட்டினாள். எப்படி என்றுதான் தெரியவில்லை.

வழி நூலகத்து மாடியில் இருந்தது. அங்கே ஒரு சின்ன வானொலி நிலையம். அதன் சத்தம் அந்த வட்டாரத்தைத் தாண்டி எட்டாது. உள்ளூர்க்காரர்களே நிகழ்ச்சி செய்யப் பயிற்சி, படிப்பு தேவையில்லை, யார் வேண்டுமானாலும் வரலாம் என்று சுவரில் ஒட்டியிருந்தார்கள். பெரியவள் வேலை முடிந்து, வெளுப்புத்தூள் வாசனையோடு மாடி ஏறினாள்.

வகுப்பு எடுத்தவள் சின்னப் பெண். எல்லோரும் அவளை டீச்சர் என்றார்கள். ஏன் வந்தீர்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்டாள். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருத்தர், நிழல் இல்லாத பஸ் நிறுத்தங்களைப் பற்றி ஊரையே உலுக்கப் போவதாகச் சொன்னார். மைக்கைக் கையில் கொடுத்ததும், "உள்ள போங்க, உள்ள போங்க, படியில நிக்காதீங்க," என்று ஆரம்பித்துவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். பெரியவளின் முறை வந்தது.

"சும்மா, கத்துக்கலாம்னு," என்றாள்.

மைக்கை வாயிலிருந்து எவ்வளவு தள்ளிப் பிடிப்பது, ஆமா இல்லை என்று முடிந்துவிடாத மாதிரி கேள்வி கேட்பது எப்படி, பதிவு ஓடும்போது எதிராளிக்குத் தெரிகிற மாதிரி சிவப்பு விளக்கைத் திருப்பி வைப்பது எல்லாம் டீச்சர் சொல்லிக்கொடுத்தாள். எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஒரு பதிவுக்கருவிதான். அதில் ஒரே ஒரு கார்டு. ஒருத்தர் நிகழ்ச்சி முடிந்ததும் கார்டைச் சுத்தமாக அழித்து அடுத்தவருக்குக் கொடுத்துவிட வேண்டும். நிலையத்துக் கணினியும் கிழடு. அதனால் முடிந்த நிகழ்ச்சியை மட்டும் வைத்துக்கொண்டு, வெட்டிப் போட்டதையெல்லாம் அன்றைக்கே அழித்துவிடுவார்கள்.

ஒருநாள் டீச்சர் எல்லோரையும் பேசாமல் உட்காரச் சொல்லிவிட்டு, கருவியை ஓடவிட்டாள். ஃபேன் சத்தம், கீழே தெருவில் போகிற வண்டி, யாரோ நாற்காலியில் அசைகிற கிரீச்.

"இதுக்குப் பேரு அறைச்சத்தம். ஒவ்வொரு இடத்துக்கும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். பேட்டி முடிஞ்சதும் ஒரு நிமிஷம் யாரும் பேசாம இதை எடுத்துக்கணும். வெட்டி ஒட்டுற இடத்துல இதை அடியில போட்டா ஒட்டு தெரியாது. அந்த நேரத்துல பேட்டி கொடுத்தவங்க மூஞ்சியைப் பார்க்காதீங்க. கருவியைப் பாருங்க. பார்த்தீங்கன்னா அவங்க ஏதாவது பேச ஆரம்பிச்சுடுவாங்க. சும்மா இருக்கறது மனுஷங்களுக்கு ரொம்பக் கஷ்டம்."

கண்டக்டர் கொட்டாவி விட்டார். பெரியவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

மறுநாளே விசில் முன்னால் போய் நின்றாள். வகுப்பில் ஆளுக்கொரு நிகழ்ச்சி செய்யச் சொல்கிறார்கள், நம் சலவைக்கூடத்தைப் பற்றிச் செய்யலாம் என்று இருக்கிறேன், சாரைவிட்டால் இதைப் பற்றி எடுத்துச் சொல்ல வேறு யார் இருக்கிறார்கள் என்று குழைந்தாள். விசிலுக்குத் தலைகால் புரியவில்லை.

"என் குரல் ரேடியோவுக்குன்னே செஞ்ச குரல்னு என் மாமியாரே சொல்லுவாங்க," என்றான். "நாளைக்கு வேலை முடிஞ்சதும் என் ரூமுக்கு வா."

அவன் அறை, கூடத்தின் ஓரத்தில் கண்ணாடித் தடுப்புக்குள் இருந்தது. மேசைமேல் சீப்பும் தண்ணீர் பாட்டிலும். பேட்டிக்கென்று தலையை வாரி, சட்டையை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பெரியவள் சிவப்பு விளக்கை அவன் முகத்துக்கு நேராகத் திருப்பி வைத்தாள். நீராவி, வெந்நீரின் சூடு, ஆஸ்பத்திரிகளின் நம்பிக்கை, பெண்களுக்கு இங்கே கிடைக்கிற பாதுகாப்பு என்று விசில் பிளந்து கட்டினான். பாதுகாப்பு என்று அவன் சொன்னபோதுகூட அவள் தலையை ஆட்டி, "சொல்லுங்க சார்," என்றாள்.

"அவ்வளவுதான் சார். நீங்க பேச வேண்டியது முடிஞ்சது. இப்ப ரூமோட சத்தத்தை மட்டும் ஒரு நிமிஷம் எடுத்துக்கணும். பேசாம இருந்தா போதும்."

"ரூமுக்கு ஏதும்மா சத்தம்?" என்று சிரித்துக்கொண்டே சாய்ந்தான்.

பெரியவள் கருவியைப் பார்க்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தாள். விபத்து நடந்த பிறகு முதல் தடவையாக, அந்தப் பழகின சிரிப்பை எடுத்துவிட்டு, நேருக்கு நேராகப் பார்த்தாள். விசில் சுவரைப் பார்த்தான். சீப்பை எடுத்து வைத்தான். உதட்டைக் குவித்து ஊதப் போனவன், நினைவு வந்து நிறுத்திக்கொண்டான். மறுபடி அவளைப் பார்த்தான். அவள் கண்ணைச் சிமிட்டக்கூட இல்லை.

"என்ன அப்படிப் பார்க்குற?" என்றான் தணிந்த குரலில்.



"உன் மனசுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும்மா. சரி, கட்டினது நான்தான். இல்லங்கல. அந்தக் கம்பி பொசுக்கு பொசுக்குன்னு நிக்குது. லோடு கிளம்பலைன்னா யார் தலை உருளும்? என் தலை. கட்டினேன். அவ தூங்கலைன்னு எனக்குத் தெரியாதா? கையை இழுக்கப் பார்த்தாளே, நான் என் கண்ணால பார்த்தேனே. கட்டாம இருந்திருந்தா நின்னிருக்கும்." தண்ணீர் பாட்டிலைத் திறந்து, குடிக்காமல் மூடினான். "ஆனா ஒண்ணு. நானா கட்டல. முதலாளி என்னை மேல கூப்பிட்டு, 'அந்தக் கம்பியைக் கட்டிப் போட்டுட்டு வேலையைப் பாரு'ன்னாரு. தூங்கிட்டான்னு சொல்லச் சொன்னதும் அவர்தான். நான் சொன்னதைச் செய்யறவன். உனக்கு இப்பவாவது புரிஞ்சா சரி."

"புரியுது சார்," என்று சொல்லிக் கருவியை நிறுத்தினாள்.

"நான் இப்ப பேசினதெல்லாம் அதுல விழலையே?"

"ரூம் சத்தம்தான் சார் எடுத்தேன்," என்றாள்.

டீச்சர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு முழுவதையும் கேட்டாள். கழற்றி வைத்தபோது அவள் முகம் வெளிறியிருந்தது.

"பதிவு ஓடுதுன்னு அவருக்குத் தெரியுமா அக்கா?"

"லைட்டு அவன் மூஞ்சிக்கு நேராத்தான் எரிஞ்சுது."

டீச்சர் நிலையத்து வக்கீலிடம் கேட்டுவிட்டு வந்தாள். அவன் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டதைப் போடலாம். முதலாளியைப் பற்றிச் சொன்னது வெறும் வாய்வார்த்தை. அப்படியே போட்டால் வழக்குப் போட்டு நிலையத்தையே இழுத்து மூடிவிடுவார்கள். முதலாளியிடமும் போய்க் கேட்டு, அவர் பதிலோடு சேர்த்துப் போட்டால் தப்பில்லை.

"கொஞ்ச நாள் பொறுத்துக்கோங்கக்கா. நானே கூட வர்றேன், ரெண்டு பேரும் போய் அவர்கிட்ட கேட்போம்."

"அதுக்குள்ள விசில் உஷாராயிடுவான். அப்படிப் பேசவே இல்லைன்னு சாதிப்பான். காரியமே கெட்டுடும். முதலாளி பத்தினதை வெட்டிடுங்க."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அதுவும் முக்கியம்தானே?"

"எனக்கு முதலாளி மூஞ்சியே தெரியாது டீச்சர். இவன் மூஞ்சிதான் தெரியும். தெனமும் என் தங்கச்சி எப்படி இருக்கான்னு கேட்கறது இவன் வாய்தான்."

வெட்டுவதையும் அவளே செய்தாள். திரையில் விசிலின் குரல் நீல முள்ளாக ஏறி இறங்கி ஓடியது. "ஆனா ஒண்ணு" என்ற இடத்தில் கோட்டை வைத்து, அதற்குப் பின்னால் இருந்ததை அள்ளி எடுத்தாள். நிகழ்ச்சி முடிந்து கணினியில் ஏறியதும், கண்டக்டர் கையை நீட்டிக்கொண்டு நின்றார், பஸ் நிறுத்தத்துக்குப் போக நேரமாகிறது என்று. பெரியவள் கார்டைச் சுத்தமாக அழித்துக் கொடுத்தாள். அவளுக்கு அப்போது இருந்த சந்தோஷத்தில் கருவியைத் துடைத்தும் கொடுத்தாள்.

நிகழ்ச்சி சாயங்காலம் ஒலிபரப்பானது. வீட்டில் சின்னவள் பாயில் உட்கார்ந்திருந்தாள். வாசலில் பக்கத்து வீட்டுக்காரியும் வந்து நின்றாள். முதலில் விசில் பாதுகாப்பைப் பற்றி முழங்கினான். அடுத்து அதே குரல், தணிந்து, கட்டினது நான்தான் என்றது. அவ தூங்கலைன்னு எனக்குத் தெரியாதா என்றது. பக்கத்து வீட்டுக்காரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நழுவினாள். சின்னவள் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தாள்.

"இன்னொரு தடவை போடுவாங்களாக்கா?"

"காலையில போடுவாங்க. நாளைக்கும் போடுவாங்க. இந்த ஊருக்கே மனப்பாடம் ஆகறவரைக்கும் போடுவாங்க."

அன்றைக்குப் பெரியவள் வயிறாரச் சாப்பிட்டாள். மறுநாள் கூடத்தில் விசில் வந்தபோது யாரோ ஒருத்தி, "பொசுக்கு பொசுக்கு," என்று முனகினாள். அந்தப் பக்கம் இன்னொருத்தி. சிரிப்பு அடக்கமாட்டாமல் விரிப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். விசில் யாரையும் பார்க்காமல் கண்ணாடித் தடுப்புக்குள் போனான். அவன் வாயிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. பெரியவளுக்குக் குளுகுளுவென்று இருந்தது. இன்னும் நன்றாக அவமானப்படட்டும், சோறு இறங்காமல் போகட்டும் என்று மனசாரச் சபித்துக்கொண்டே மடித்தாள்.

அந்த வாரமே அவனுக்குச் சீட்டுக் கிழிந்தது. நிர்வாகத்துக்குத் தெரியாமல் ஒரு தனிநபர் செய்த தவறு என்று வாசலில் ஒட்டினார்கள். அதிகாரி திரும்ப வந்தார். விசில் ஒருவன்தான் பொறுப்பு என்று முடித்துக்கொண்டு போனார். பெரியவளை வேலையைவிட்டுத் தூக்குவார்கள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அதுவும் நடக்கவில்லை. ஆபீசுக்குக் கூப்பிட்டு, தைரியமான பெண் என்று பாராட்டி அனுப்பினார்கள்.

அவள் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்த ஒரு சாயங்காலம் விசில் வந்தான். ஷேவ் செய்யாத முகம். கொஞ்சம் தள்ளியே நின்றான்.

"நான் முழுசாத்தானே சொன்னேன்," என்றான். "நீ ஏன் பாதியைப் போட்ட?"

"எனக்கு வேண்டியது பாதிதான் சார்."

"மீதியை இனிமே நான் எங்க போய்ச் சொல்றது? சொன்னாலும் எவன் நம்புவான்?"

"என் தங்கச்சி சொன்னப்ப எவன் சார் நம்பினான்?"

அவன் வந்த வழியே போய்விட்டான். நல்லா கேட்டேன் என்று பெரியவள் தன்னைத்தானே மெச்சிக்கொண்டாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும் அந்த வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். அப்புறம்தான் மீதியைப் பற்றி அவன் சொன்னதும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டது.

வகுப்பு முடிகிற சமயம் டீச்சர் முகம் மலர ஒரு செய்தி சொன்னாள். நிலையத்துக்குப் புதுப் பதிவுக்கருவிகளும் புதுக் கணினியும் வரப்போகின்றன. சலவைக்கூடத்து முதலாளிதான் தருகிறார். அந்த நிகழ்ச்சி தன் கண்ணைத் திறந்துவிட்டது என்று அவரே போன் செய்து சொன்னாராம். பயிற்சி நிறைவு விழாவுக்கும் அவர்தான் தலைமை.

மற்றவர்கள் கைதட்டினார்கள். பெரியவள் காத்திருந்து, டீச்சர் தனியாக இருக்கும்போது போனாள்.

"அன்னைக்கு வெட்டினோமே, அந்தத் துண்டு வேணும்."

"அது எங்கக்கா இருக்கு? நீங்கதானே அழிச்சீங்க."

"கணினியில எங்கேயாவது ஒளிஞ்சிருக்காதா?"

"இல்லக்கா."

"அப்ப அந்த ஆளை மேடையில ஏத்தாதீங்க."

"எதை வச்சுக்கா வேண்டாம்னு சொல்றது?" என்று டீச்சர் கேட்டாள். சொல்லும்போது அவள் பெரியவளின் முகத்தைப் பார்க்கவில்லை. "அடுத்த தடவை வர்றவங்களுக்கும் கருவி வேணுமே."

விழாவில் ஒலி பார்த்துக்கொள்கிற வேலையைப் பெரியவளுக்குக் கொடுத்திருந்தார்கள். மேடைக்குப் பின்பக்கம், ஒயர்களுக்கு நடுவே, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற பெட்டியின் முன்னால் நின்றாள். அங்கிருந்துதான் முதல் தடவையாக முதலாளியைப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் வெறுக்கிற மாதிரி ஒரு முகத்தை அவள் மனசில் தயாராக வைத்திருந்தாள். இவரோ ஒல்லியாக, சாந்தமாக, மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு, வழியில் கண்டால் எழுந்து இடம் கொடுக்கத் தோன்றுகிற ஆளாக இருந்தார்.

"எங்கோ ஒரு தனிமனிதன் செய்த தவறு, ஒரு குடும்பத்தையே பாதித்துவிட்டது," என்று அவர் மைக்கில் சொன்னார். "எனக்கு இது தெரியவே தெரியாது. தெரிய வைத்தது இந்த நிலையம்."

பெரியவளின் விரல் தானாகப் போய் மைக்கின் பொத்தானைக் கீழே இழுத்தது. முதலாளியின் வாய் அசைந்துகொண்டே இருந்தது, சத்தம் வரவில்லை. கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. டீச்சர் ஓரத்திலிருந்து கையைக் காட்டிக் கெஞ்சினாள். பெரியவள் பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். ஒயரில்தான் ஏதோ கோளாறு என்று முன்வரிசையில் யாரோ சொன்னார்கள். முதலாளி பொறுமையாகச் சிரித்துக்கொண்டு காத்திருந்தார். காத்திருக்க அவருக்கு ஒன்றும் சிரமம் இருந்ததாகத் தெரியவில்லை. பெரியவள் பொத்தானை மேலே ஏற்றினாள்.

"பாதிக்கப்பட்ட அந்தத் தங்கைக்கு நம் நிறுவனத்தின் வாசலிலேயே, உட்கார்ந்து பார்க்கிற வேலை," என்று அவர் அறிவித்தார். கைதட்டல் எழுந்தது. சின்னவளை மேடைக்குக் கூப்பிட்டார்கள். இருப்பதில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வந்தவள், முதலாளி நீட்டிய பூங்கொத்தை இரண்டு கையாலும் வாங்கினாள்.

படம் எடுக்கிறது கண்டக்டரின் வேலை. அவர் ஒரு கண்ணை மூடிக் கேமராவில் பார்த்தார். திருப்திப்படவில்லை. கொஞ்சம் பின்னால் போய் மறுபடி பார்த்தார்.

"சார், இங்க பாருங்க. நல்லா சிரிங்க. தங்கச்சி, அந்தக் கை படத்துல விழுதும்மா. கொஞ்சம் பின்னால வச்சுக்கோ. ஆங், அப்படித்தான்."

சின்னவள் பூங்கொத்தை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். முன்னால் எல்லோரும் கைதட்டினார்கள். ஒயர்களுக்கு நடுவே நின்ற பெரியவளுக்கு மட்டும் அந்தக் கை தெரிந்தது. கட்டைவிரலும் சுண்டுவிரலும் ஒன்றையொன்று தொடப் பார்த்துக்கொண்டிருந்தன, எட்டவில்லை.